‘பொட்டில்நெக்’ என்பதற்கு ‘இடுக்கு’: கணினிப் பாகங்களை முன்வைத்து

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பாகத்தின் மெதுவால் முழுக் கணினியும் மெதுவாகும் நிலையை ஆங்கிலத்தில் ‘பொட்டில்நெக்’ (bottleneck) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதற்கு முன், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் எட்டு மாதம் வேலை செய்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு வரைகலை அட்டையை (கிராபிக்ஸ் கார்ட்) வாங்கிக்கொண்டு வந்தான். சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிருந்தது. வீட்டில் இருந்ததோ ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி. 2012ஆம் ஆண்டுக் காலத்துச் செயலி (ப்ராசசர்), எட்டு ஜிபி நினைவகம் ஒரே துண்டாக. புதிய அட்டைக்காக மின்வழங்கியையும் மாற்றினான். விளையாட்டு திறந்தது. ஆனால் நகரத்துத் தெருவில் கார் ஓட்டும் காட்சி வந்ததும் திக்கித் திக்கி நின்றது. அட்டை பழுது என்று எண்ணி, விடிகாலை பஸ் பிடித்துக் கொழும்புக்குத் திருப்பிக் கொண்டுபோனான். கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு, "அட்டையில் பிழையில்லை, இது பொட்டில்நெக்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவனுடைய அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். "புதுச் சாமானும் நன்றாக இருக்கிறது, பழைய சாமானும் வேலை செய்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் எதுதான் கெட்டுப்போயிருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

எதுவும் கெட்டுப்போகவில்லை. அதுதான் சரியான விடை. அந்த விடையைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் நான் நின்றேன்.

நடப்பது இதுதான். திரையில் தோன்றும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம்) முதலில் செயலி கணக்குப் போடுகிறது: கார் எங்கே நிற்கிறது, எது எதன்மேல் மோதியது, எதை எதை வரைய வேண்டும். அந்தக் கட்டளைகளை வாங்கி வரைகலை அட்டை வரைகிறது. வினாடிக்கு 60 சட்டகம் வேண்டுமானால் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. செயலிக்கு 25 மில்லிவினாடியும் அட்டைக்கு 10 மில்லிவினாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டை தனியாக வினாடிக்கு 100 சட்டகம் வரையக்கூடியது. ஆனால் செயலி 40 சட்டகத்துக்குத்தான் வேலை கொடுக்கிறது. திரையில் வருவது 40. இன்னும் இருமடங்கு வேகமான அட்டையை வாங்கினாலும் அதே 40தான்.

அந்த அம்மாவுக்கு நான் ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலையை) காட்டித்தான் விளக்கினேன். கொழுந்து வாட்டும் மாடியில் இடம் இவ்வளவுதான். வாடுவதற்குப் பத்துப் பதினைந்து மணி நேரமாவது வேண்டும். கீழே உருட்டும் மெஷின் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்தாலும், மாடி வாட்டிக் கொடுக்கும் அளவுக்கு மேல் ஒரு கிலோ தூளும் கிடைக்காது. புது மெஷின் சும்மா நிற்கும். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "இதை அவன் வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தப் பேச்சு இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை. வாங்கும் முன்னால் சொல்வதற்குச் சின்னதாக, வாயில் நிற்கும் ஒரு சொல் வேண்டும்.

இனி வந்த சொற்கள்.

‘போத்தற்கழுத்து’, தமிழ்நாட்டு நண்பர் சொன்ன ‘புட்டிக்கழுத்து’ இரண்டையும் ஒன்றாகவே விட்டுவிடலாம். ஆங்கிலச் சொல்லை ஏற்கெனவே அறிந்தவனுக்குத்தான் அவை பொருள் தரும்.

‘முட்டுக்கட்டை’, ‘தடங்கல்’ இரண்டும் ஓட்டத்தை நிறுத்துகிறவை. இங்கே ஓட்டம் நிற்கவில்லை, அளவு குறைந்து ஓடுகிறது. ‘நெரிசல்’, ‘தேக்கம்’ ஆகியவை விளைவின் பெயர்கள். மவுசாக்கலையையும் காசல்ரீயையும் நீர்த்தேக்கம் என்கிறோம். அணைக்குப் பின்னால் நிரம்பி நிற்கும் நீருக்கு அந்தப் பெயர். நமக்கு வேண்டியது குறுகிய இடத்தின் பெயர்.

‘ஒடுக்கம்’ பொருளால் மிக நெருங்கி வருகிறது. ஆனால் தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் அது ஒட்சியேற்றத்துக்கு (ஆக்சிஜனேற்றம்) எதிரான வினையின் பெயர். நாங்கள் அதைத் ‘தாழ்த்தல்’ என்று படித்தவர்கள், எங்களுக்கு மோதல் இல்லை; அங்குள்ள மாணவனுக்கு மோதும். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் ஒரு வழியிலும் தமிழகத்துப் பாடநூல்கள் வேறு வழியிலும் போனதால் ஒரே பாடம் இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. புதிதாகப் பிறக்கும் சொல்லாவது இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பது என் ஆசை. அதோடு, ஒடுக்குமுறை என்ற சொல்லைத் தோட்டத்தில் வாழ்கிறவர்கள் எந்தக் கனத்தோடு கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கணினிச் சொல்லை வைக்க எனக்கு மனமில்லை.

‘கணவாய்’ என்று சொன்ன கண்டி நண்பருக்குக் கடுகண்ணாவை மலைவழி நினைவில் இருந்திருக்கும். அழகான சொல்தான். ஆனால் கணவாய் மலை வழிவிடும் இடம்; நாம் பெயர் தேடுவது வழி இறுகும் இடத்துக்கு. பொருள் நேர் எதிராகிவிடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் கணவாய் என்றால் முதலில் அந்தப் பெயருள்ள கடலுயிரி வேகும் கறிச்சட்டிதான் நினைவுக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘மட்டுப்படுத்தி’ என்பதை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. ‘இ’ விகுதி அந்தப் பாகத்தின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிவிடுகிறது. இதுவோ இடம் மாறும். தம்பி செயலியை மாற்றினால், அதுவரை ஓய்ந்து நின்ற வரைகலை அட்டை முழு மூச்சில் ஓடத் தொடங்கும். குறுகல் அங்கே போய்விடும். அதே கணினியில் 1280×720 பிரிதிறனில் (திரைப் புள்ளிகளின் அளவில்) செயலியிடம் இருக்கும் குறுகல், 1920×1080க்குப் போனால் அட்டைக்கு நகரக்கூடும். வரைய வேண்டிய புள்ளிகள் இரண்டேகால் மடங்காகின்றன அல்லவா? ஆகவே நமக்கு வேண்டியது இடப்பெயர், கருவிப்பெயர் அல்ல.

நான் முன்வைப்பது ‘இடுக்கு’. இடுகு, இடுங்கு, இடுக்கு என்று குறுகுதலைச் சொல்லும் பழைய குடும்பம். பல்லிடுக்கு, கதவிடுக்கு என்று நாள்தோறும் வாயில் வரும் சொல். ‘இடுக்கு செயலியில் இருக்கிறது’, ‘இடுக்கு நினைவகத்துக்கு நகர்ந்துவிட்டது’, ‘இந்த விலைக்கு இடுக்கில்லாத சேர்க்கை’ என்று இயல்பாக எழுத முடிகிறது.

ஒரு சொல்லைப் பல இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். 3200 வேக டிடிஆர்4 நினைவகத்தை 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டால் வினாடிக்கு 25.6 ஜிபி வரைதான் தரவு போகும்; எட்டு எட்டாக இரண்டு துண்டு போட்டால் 51.2. தனி அட்டை வாங்கப் பணமில்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற செயலியின் உள்ளிருக்கும் வரைகலையை நம்புகிறவனுக்கு இந்த வேறுபாடு திரையிலேயே தெரியும், ஏனென்றால் அந்த வரைகலை பொது நினைவகத்தைத்தான் பயன்படுத்துகிறது. இது நினைவக இடுக்கு. இன்னொன்று: 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டைக்குத் தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) பேச நான்கு பாதைகள்தான். பிசிஐஇ என்பது அந்தப் பாதைகளின் தரம்; அதன் 4.0 பலகையில் அது சமாளிக்கும். பி450 போன்ற 3.0 பலகையில் அதே நான்கு பாதையின் கொள்ளளவு பாதியாகிறது. அட்டையின் சொந்த 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் அந்தக் குறுகிய வழியாகவே எல்லாம் வந்துபோக வேண்டும். இது பாதை இடுக்கு. மலிவு அட்டையை மலிவுப் பலகையில் போடுகிற, அதாவது முதன்முறை வாங்குகிற பிள்ளைதான் இதில் அகப்படுகிறான்.

ஆனால் எல்லாக் குறையும் இடுக்கு ஆகாது. மின்வழங்கி போதாவிட்டால் பொதுவாகக் கணினி மெதுவாவதில்லை, சட்டென்று அணைந்துவிடும். அதை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து

—

வணக்கம் அண்ணா.

காரணங்கள் பெரும்பாலும் ஏற்கத்தக்கவை. இடுக்கு என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். பல்லிடுக்கில் எதுவும் ஓடுவதில்லை, சிக்கிக்கொள்கிறது. இண்டு இடுக்கு என்றால் மூலை முடுக்கு என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். கால்வாய், நுழைவாய் போல ‘வாய்’ என்பதில் வழியும் ஓட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் ‘குறுவாய்’ என்று வைக்கலாமா? ‘ஒடுங்குவாய்’ என்றும் யோசித்தேன். ‘நீ ஒடுங்குவாய்’ என்று வினைமுற்றாகப் படிக்க இடமிருப்பதால் நானே கைவிட்டேன்.

இன்னொரு கேள்வி. என்னுடைய திரை 60 ஹெர்ட்ஸ். கணினி 90 சட்டகம் தந்தாலும் எனக்கு வினாடிக்கு 60 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். சூடு குறையட்டும் என்று நானே 60க்குக் கட்டுப்படுத்தியும் வைத்திருக்கிறேன். இதுவும் இடுக்கா?

பண்டாரவளையிலிருந்து

—

தங்கைக்கு,

இரண்டாவது கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. நீங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இடுக்கு அல்ல. வேண்டும் என்று வைத்த அளவு, வேண்டாம் என்றால் திறந்துவிடலாம். வயலுக்கு நீர் விடுகிறவர் செய்வதும் அதுதான். அதற்கு ‘மடை’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ‘சட்டக மடை’ என்று தனிச்சொல்லாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். திரையின் 60 ஹெர்ட்ஸ் வேறு. உங்களுக்கு 90 வேண்டும் என்று இருந்து திரை தராவிட்டால் அது திரையில் உள்ள இடுக்குத்தான். நாம் வைத்த எல்லை மடை, நம் விருப்பத்தை மீறி நிற்கும் எல்லை இடுக்கு. இந்தப் பிரிப்பு நீங்கள் கேட்டதால் கிடைத்தது. குழுவின் கலைச்சொல் பதிவில் உங்கள் கேள்வியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

குறுவாய் எழுத்தில் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் தம்பியிடம் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். குறுவாய் என்றதும் "சிறிய வாயா?" என்று திருப்பிக் கேட்டான். இடுக்கு என்றதும், "அட்டைக்கு வேலை போகிற வழியில் இடுக்கு" என்று அவனே வாக்கியம் அமைத்தான். சிக்கிக்கொள்ளும் பொருள் அதில் இருக்கிறது என்ற உங்கள் குறை உண்மை. என்றாலும், வேகமான அட்டை ஒன்று மெதுவான செயலியின் பின்னால் அகப்பட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் அவ்வளவு தொலைவாகத் தோன்றாது. கலைச்சொல் பதிவில் இடுக்கை முதற்சொல்லாகவும் குறுவாயை மாற்றுச்சொல்லாகவும் வைக்கலாம் என்பது என் முடிவு. மற்றவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவுக்கான வரைவு:

இடுக்கு (பெயர்ச்சொல்): பல பாகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வேலையை வாங்கி இயங்கும் அமைப்பில், மொத்த வேகத்தைத் தன் வேகத்துக்கு இறக்கிவிடும் இடம். பாகம் பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பாகத்தை மாற்றினால் இடுக்கு வேறு பாகத்துக்கு நகரலாம். கண்டுபிடிக்க: விளையாட்டின் பிரிதிறனைக் குறைத்துப் பார்க்கவும், சட்டக எண்ணிக்கை கூடாவிட்டால் இடுக்கு பெரும்பாலும் செயலியில், நன்றாகக் கூடினால் வரைகலை அட்டையில். செயலியின் மொத்தப் பயன்பாடு பாதியாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கோர் (தனிக் கணக்கு அலகு) மட்டும் முழுச் சுமையில் இருக்கக்கூடும்.

தம்பி மறுபடியும் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அட்டையை விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்து வாங்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600, அதற்கேற்ற பி550 தாய்ப்பலகை, எட்டு எட்டாக இரண்டு நினைவகத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த இடுக்கை நீக்குகிறது என்று தமிழிலேயே எழுதினேன். அவன் போன பிறகு அந்தத் தாளின் பிரதியை அவனுடைய அம்மா என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஹட்டனிலிருந்து