டிகேட் ரியாக்‌ஷன்: கோடைப் படத்தை எங்கே செருகுவது?

வணக்கம் மக்களே. புதியவர்களுக்காக 'கமென் ரைடர் டிகேட்' என்ற ஜப்பானிய சூப்பர்ஹீரோ தொடருக்கு (2009, 31 எபிசோடு) ரியாக்‌ஷன் வீடியோ, அதாவது பார்த்துக்கொண்டே கருத்துச் சொல்லும் வீடியோ, போட வரிசை தயார் செய்கிறோம். 2 முதல் 19 வரையுள்ள எபிசோடுகளில் சிக்கலில்லை, நாயகன் சுகாசா பழைய ரைடர் தொடர்களின் உலகங்களுக்குப் போகிறார், உலகத்துக்கு இரண்டு எபிசோடு. 'குகா' என்ற பழைய தொடரின் உலகத்தில் அதன் நாயகன் கோடாய் வரமாட்டார், ஒனோதேரா என்ற வேறு ஆள்தான் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடலாம். இல்லையென்றால் பழைய தொடர் பார்த்தவர்கள் குழம்புவார்கள்.

இடிப்பது இரண்டு இடம். 24, 25-இல் 'ஷின்கெஞ்சர்' என்ற வேறொரு சூப்பர்ஹீரோ தொடரின் உலகம் வருகிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு அந்தத் தொடரில் எத்தனை எபிசோடு காட்டினால் போதும்? அடுத்தது, 2009 ஆகஸ்ட் 8-இல் வந்த டிகேட்டின் கோடைப் படத்தை 29-க்குப் பிறகு வைப்பதா, 31-க்குப் பிறகா? முன்னால் வைத்தால் சுகாசா யார் என்ற ரகசியம் முன்பே உடைந்துவிடும். 31-ஆவதோ பாதியில் நிற்கிறது (எரிச்சல்தான்!), கதையின் முடிவு அதே ஆண்டு டிசம்பரில் வந்த படத்தில். பார்த்தவர்கள் வரிசையைக் காரணத்தோடு சொல்லுங்கள்.