எஸ்25 அல்ட்ரா: பகல்ல சார்ஜ் ஏறுது, ராவில ஏறுதில்ல, ஆராவது சொல்லுங்கோ

உப்புவெளிப் பொடியன்:
வணக்கம். மச்சான் கட்டார்ல இருந்து வரேக்க சாம்சங் கலக்ஸி எஸ்25 அல்ட்ரா ஒண்டு கொண்டு வந்து தந்தவர், கைக்கு வந்து இண்டையோட மூண்டு கிழமை. முதல் ரெண்டு கிழமையும் ஒரு சோலியும் இல்ல. இப்ப அஞ்சாறு நாளாத்தான் கரைச்சல். ராவில படுக்க முன்னம் சார்ஜில போட்டா உடன தண்ணித்துளி படத்தோட ஒரு எச்சரிக்கை வருது, சார்ஜ் குத்திற போர்ட்ல ஈரம் இருக்காம், கேபிளைக் கழட்டட்டாம். துடைச்சுப்போட்டுக் குத்தினாலும் அதே. விடியக் காலமையும் அதே. ஆனா மத்தியானம் பன்னிரண்டு ஒரு மணிக்குப் போட்டா ஒரு கதையும் இல்லாம ஏறுது! மூண்டு கேபிள் மாத்திப் பாத்திட்டன், சார்ஜர் மாத்திட்டன் (பெட்டிக்குள்ள கேபிள் மட்டும்தான், சார்ஜர் வேறயா வாங்கினது), ரீஸ்டார்ட் பண்ணிட்டன், அம்மா சொல்லி ஒரு நாள் முழுக்க அரிசி வாளிக்குள்ளயும் புதைச்சு வச்சாச்சு. போன் வெயில் பாத்து வேலை செய்யுமா என்ன?

டச்பே காத்து:
தம்பி மறுமொழி எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளும். ஆனா நான் எஸ்22 அல்ட்ரா வச்சிருக்கிறன், மாத்துவமா எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன். எப்பிடி இருக்கு சாமான்? காசுக்குப் பெறுமதியா?

உப்புவெளிப் பொடியன்:
@டச்பே காத்து சார்ஜ் கதையை விட்டா வடிவான போன் அண்ணா. திரை 6.9 இன்ச், பெருசுதான், ஆனா பாரம் 218 கிராம், உங்கட எஸ்22 அல்ட்ராவை விடக் குறைவு, ஓரம் வளைவில்லாம தட்டையா இருக்கிறதால கையில வழுக்காது. எனக்கு ஆகப் பிடிச்சது கண்ணாடி. வெளிச்சம் திருப்பி அடிக்காத மாதிரிச் செஞ்சிருக்கிறாங்கள், உச்சி வெயிலுக்க கடற்கரை மணலில நிண்டு மெசேஜ் வாசிக்கலாம், மற்றப் போன்ல என்ர மூஞ்சிதான் தெரியும். கமரா 200 மெகாபிக்சல் எண்டு பெரிசாச் சொன்னாலும் சும்மா எடுத்தா 12 மெகாபிக்சல்லதான் வரும், பதினாறு புள்ளிய ஒண்டாச் சேத்து எடுக்குது, அதுதான் ராவிலயும் படம் தெளிவு. 5 மடங்கு சூம் தனிச் சென்சர், 50 மெகாபிக்சல். உங்கட டச்பேயில நிண்டு கோணேசர் மலையை எடுத்தன், விளிம்பில நிக்கிற ஆக்கள் தெரியினம். திருகோணமலைக் கோட்டைக்குள்ள மான் ஒண்டு என்ர பாணைப் பறிக்க வந்தது, அதின்ர மீசை மயிர் எண்ணலாம். பற்றரி 5000 எம்ஏஎச்தான், உங்களிட்டயும் அதுதானே, சார்ஜ் வேகமும் அதே 45 வாட், அதில ஒரு முன்னேற்றமும் இல்ல. போனுக்க செருகி வாற பேனையில புளூடூத்தையும் எடுத்துப்போட்டாங்கள், தூரத்தில வச்சு அமத்திப் படம் எடுக்கிற பழக்கம் இருந்தா இனி அது ஏலாது. சிப் ஸ்னாப்டிராகன் 8 எலீட், ராம் 12 ஜிபி, அதில குறை சொல்ல எனக்கு இன்னும் ஒண்டும் அகப்படேல்ல. 7 வருசம் அப்டேட் தருவம் எண்டும் சொல்லியிருக்கினம்.

கிண்ணியா நானா:
தம்பி, செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் சிஸ்டம் ஆப்ஸையும் காட்டச் சொல்லிப் போட்டு, யூஎஸ்பி செட்டிங்ஸ் எண்டு ஒண்டு இருக்கும், அதில கேஷ், அதாவது தற்காலிகமாச் சேமிச்சு வச்சிருக்கிற தரவ, கிளியர் பண்ணிப் பாருங்க. சில நேரம் ஈரம் காஞ்ச பிறகும் எச்சரிக்கை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். பிறகு இன்னொண்டு, வெளிநாட்டுச் செட் எண்டா ஐஎம்இஐ நம்பர், ஒவ்வொரு போனுக்கும் இருக்கிற தனி அடையாள நம்பர், பாத்தீங்களா? *#06# அடிச்சா 15 இலக்கம் வரும். ஐஎம்இஐ எண்டு இங்கிலீசுல அடிச்சி, இடைவெளி விட்டு, அந்த நம்பரப் போட்டு 1909க்கு மெசேஜ் அனுப்பினா தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவு இருக்கா இல்லையா எண்டு பதில் வரும்.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி நானா, நம்பர் வந்த அண்டே பாத்தாச்சு, பதிவுக்கு மச்சான் அலுவல் பாக்கிறார். கேஷ் அழிச்சுப் பாத்தன், பத்து நிமிசம் ஏறிச்சு, பிறகு திரும்பவும் துளி. டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனன், அவர் தூக்கியும் பாக்கேல்ல, போர்ட் மாத்தோணும் எண்டு ஒரு விலை சொன்னார், கேட்டோடன வந்திட்டன்.

பட்டறை அண்ணன்:
போர்ட் மாத்த வேண்டாம், கொஞ்சம் பொறும். ஒண்டு மட்டும் உண்மையைச் சொல்லும் தம்பி, போனைக் கடலுக்க கொண்டு போனனீரா?

உப்புவெளிப் பொடியன்:
...ஓம். போன கிழமை நிலாவெளியால புறாத்தீவுக்குப் போனாங்கள். கருப்புச் செட்டைச் சுறாக்குட்டி வருது எண்டு சொன்னாங்கள், தண்ணிக்குள்ள பிடிச்சு வீடியோ எடுத்தன். தண்ணி போகாது எண்டு ஐபி68 தரம் போட்டிருக்குத் தானே அண்ணன்? ஒண்டரை மீற்றர், அரை மணித்தியாலம். நான் முழங்கால் தண்ணியிலதான் நிண்டனான்.

பட்டறை அண்ணன்:
அந்த ஒண்டரை மீற்றரும் அரை மணித்தியாலமும் நல்ல தண்ணிக்கு ஐசே. கடல் தண்ணிக்கு ஆரும் பொறுப்புச் சொல்லேல்ல. போன்ல பிழை இல்ல, அது சரியாத்தான் வேலை செய்யுது. போர்ட்டுக்க ஊசி ஊசியா இருக்கிற தொடுப்புகளுக்கு இடையில கரண்ட் கசியுதா எண்டு அது பாக்கும், கசிஞ்சா ஈரம் எண்டு சார்ஜை நிப்பாட்டும். உம்மட போர்ட்டுக்க தண்ணி எப்பவோ காஞ்சிட்டுது, காயாதது உப்பு. உங்கட குசினியில உப்புப் போத்தலைத் திறந்து வச்சா ராவில கசிஞ்சு நசநசக்கும் எல்லோ, மத்தியானம் பொருபொருத்துக் கிடக்கும், அதேதான். காத்தில ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினா உப்பு தானா தண்ணியை இழுக்கும், உப்புவெளியில கடற்கரைப் பக்கம் ராவில அது தாண்டாத நாள் எது சொல்லும் பாப்பம். ஊர்ப் பேரிலயே உப்பை வச்சுக்கொண்டு அரிசிக்க புதைச்சிருக்கிறீர்! அரிசி உப்பை எடுக்காது, தவிடும் தூளும் இன்னும் உள்ளுக்க போயிருக்கும்.

செய்யிற வேலை இதுதான். போனை ஓஃப் பண்ணும். பேனையை எடுக்க வேண்டாம், சிம் தட்டையும் திறக்க வேண்டாம். ஒரு கோப்பையில நல்ல தண்ணி, குடிக்கிற போத்தல் தண்ணி எண்டா நல்லம், உங்கட கிணத்துத் தண்ணி உவராக் கிடந்தா வேண்டவே வேண்டாம். போர்ட் இருக்கிற அடிப்பக்கத்தை மட்டும் ரெண்டு விரல் ஆழத்துக்கு விட்டு மெல்ல ஆட்டும், ரெண்டு நிமிசம், தண்ணியை மாத்தி இன்னொருக்கா. பிறகு போர்ட் கீழ பாக்கப் பிடிச்சு உள்ளங்கையில தட்டும், காத்தாடிக்கு முன்னால ஒரு ராவு நிப்பாட்டி வையும். ஹெயார் டிரையர் பிடிக்காதேயும், சூட்டுக்குப் பசை இளகினா உள்ளபடி தண்ணி போற ஓட்டை அப்பதான் வரும். குண்டூசி, பல்லுக்குச்சி ஒண்டும் விடாதேயும். அதுக்கிடையில சார்ஜ் வேணுமெண்டா வயர்லெஸ்ல போடலாம், 15 வாட்தான், மெதுவா ஏறும், ஆனா போர்ட்டோட அதுக்குச் சம்பந்தமில்ல. எச்சரிக்கை வரேக்க வம்புக்குக் கேபிள் குத்தி ஏத்தினனீரா?

உப்புவெளிப் பொடியன்:
ரெண்டு மூண்டு தரம் 😬

பட்டறை அண்ணன்:
இனிச் செய்யாதேயும். உப்புத்தண்ணியும் கரண்டும் சேந்தா தொடுப்பு பச்சை பிடிச்சு அரிச்சுப்போடும், ஒரு கிழமை காணும். பிறகு அந்தக் கடைக்காரர் சொன்ன விலைதான், தண்ணி போனதுக்கு வாரண்டியும் பேசேலாது.

உப்புவெளிப் பொடியன்:
அஞ்சு நாளைக்குப் பிறகு வாறன். அண்ணன் சொன்ன மாதிரியே செய்தன், போனைத் தண்ணிக்க விடேக்க அம்மா தலையில கை வச்சுக்கொண்டு நிண்டவ. முதல் நாள் ராவு ஒருக்கா துளி வந்தது, இன்னொருக்கா கழுவினன், நேற்றும் முந்தநாளும் ராவு முழுக்க ஏறிச்சு. டோர்ச் அடிச்சுப் பாத்தன், ஒரு தொடுப்பில மட்டும் லேசாப் பச்சை மாதிரி ஒரு கோடு, அதை என்ன செய்யிற?

பட்டறை அண்ணன்:
சுரண்டாதேயும். 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் போட்டு மெல்லிய பிரஷ்சால ஒருக்கா துடைக்கலாம், ஆனா உமக்குக் கை நடுங்குமெண்டா விட்டிரும், பரவினா மட்டும் காட்டும்.

டச்பே காத்து:
சரி சுகமாயிட்டுது. சுறாக்குட்டி வீடியோவைப் போடுமன் பாப்பம்.

உப்புவெளிப் பொடியன்:
அதைக் கேக்காதேங்கோ அண்ணா. தண்ணிக்குள்ள திரையைத் தொட்டா வேலை செய்யாது, அது அப்ப தெரியாது, அமத்தி அமத்திப் பாத்தன். 34 செக்கன் வீடியோ, முழுக்க என்ர பெருவிரல்.