'குளிர்கால மனச்சோர்வு' என்னும் சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் படிக்கச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில், ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில், பெரும்பாலும் குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வு நோய்க்கு (Seasonal Affective Disorder) ஐயா முன்மொழிந்த 'குளிர்கால மனச்சோர்வு' எல்லோருக்கும் விளங்கக்கூடிய சொல்தான். ஆயினும் அது நோயின் காரணத்தைக் குளிரின் மேல் ஏற்றிவிடுவதால் ஏற்கத் தயங்குகிறேன்.

கடந்த டிசம்பரில் என் அக்கா மகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து காணொளியில் பேசினாள். இங்கே பினாங்கில் அப்போது நள்ளிரவு. அங்கே மாலை 4 மணிதான், ஆனால் அவளுக்குப் பின்னால் தெரிந்த சன்னல் கறுத்துக் கிடந்தது. 10 மணி நேரம் உறங்கியும் எழ முடியவில்லை என்றும், சோறும் ரொட்டியும் இனிப்புமாகத் தின்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றும் சொன்னாள். "குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்" என்றார் அக்கா. அனுப்பவும் செய்தார். அவள் அறையிலோ வெப்பமூட்டி இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குறைந்திருந்தது வெளிச்சம் என்பதை அங்குள்ள மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தோம்.

கண்ணின் விழித்திரையில், காட்சிக்காக அன்றி வெளிச்சத்தின் அளவை உணர்வதற்கென்றே சில செல்கள் உள்ளன. அவை அனுப்பும் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் இருக்கும் உடற்கடிகாரத்தை எட்டி, அங்கிருந்து மூளையிலேயே உள்ள பினியல் சுரப்பிக்குச் சென்று, இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலட்டோனின் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. இரவு நீளும்போது இந்நோயாளிகளிடம் மெலட்டோனின் சுரக்கும் நேரமும் நீள்வதாக ஆய்வுகள் கண்டுள்ளன. மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரோட்டோனினை நரம்புச் செல்களுக்குள் மீள இழுத்துக்கொள்ளும் புரதம் குளிர்காலத்தில் அவர்கள் மூளையில் மிகுவதையும் ஸ்கேன் படிமங்கள் காட்டியுள்ளன. மெலட்டோனின் ஒன்றே காரணம் என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. ஆனால் இவை அனைத்தும் பகலின் நீளத்தோடு தொடர்புடையவை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 40 நிமிட வேறுபாடுகூட இல்லை. எடின்பரோவில் அது 10 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

இந்நோயை 1984இல் தம் குழுவினரோடு விவரித்துப் பெயரிட்ட மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தால், வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்றவர். குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதைத் தம்மிடமே கண்டவர். நம் பிள்ளைகளின் நிலையும் அதுவே. அவர் சூட்டிய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் (SAD) 'துயரம்' எனப் பொருள்படும் சொல்லாக அமைகின்றன. அந்த அழகைத் தமிழில் தேட வேண்டியதில்லை. பொருள் தவறாமல் இருந்தால் போதும். 'பருவப் பாதிப்புக் கோளாறு' என்று சிலர் பெயர்ப்பதில் அந்தத் தவறு நேர்கிறது. மூலத்தில் உள்ள 'Affective' மனநிலையைக் குறிக்கும் சொல், பாதிப்பைக் குறிப்பதன்று. மேலும் 'பருவம்' என்றதும் நம் வாசகர்களுக்குப் பருவமடைதலோ பருவமழையோதான் நினைவுக்கு வரும்.

கோலாலம்பூர் நண்பர் பரிந்துரைத்த 'கூதிர்ச் சோர்வு' செவிக்கு இனியது. ஆனால் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். இந்நோயோ பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் கடுமையாகிறது. அப்போது முன்பனி பிறந்து பின்பனியும் வந்துவிடும்.

எனவே 'குறும்பகல் மனச்சோர்வு' என்பதை முன்வைக்கிறேன். குறும்படம் என்று பழகிய நாவுக்குக் குறும்பகல் அந்நியமாகாது. கோடையில் வரும் அரிய வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'பருவகால மனச்சோர்வு' இருக்கட்டும். மனச்சோர்வுக்குப் பதிலாக 'மன அழுத்தம்' வேண்டாம். அது வேலைப்பளுவால் வருவதற்கும் வழங்குகிறது. மெலட்டோனினைத் 'தூக்க ஹார்மோன்' என்பதையும் தவிர்க்கலாம். இரவெல்லாம் விழித்திருக்கும் எலிக்கும் அது இரவில்தான் சுரக்கிறது. 'இருள் ஹார்மோன்' என்பதே பொருந்தும்.

கையேட்டுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள்:

"குறும்பகல் மனச்சோர்வு: பகல் சுருங்கும் மாதங்களில் ஆண்டுதோறும் தோன்றி, பகல் நீளும்போது விலகும் மனச்சோர்வு. மிகுந்த உறக்கமும் மாவுணவின் மேல் வேட்கையும் அடையாளங்கள். மருத்துவரின் அறிவுரையோடு, காலையில் 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) ஒளிப்பெட்டியின் முன் ஏறத்தாழ 30 நிமிடம் அமர்வது வழக்கமான சிகிச்சைகளுள் ஒன்று. கம்பளி இதற்கு மருந்தாகாது."