"போகாத ஆளு பேரு சொல்லுங்க": சென்னையின் எஃப்சியைக் கலைத்துக் கட்டுவது குறித்து ரசிகர்களின் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து

என் வீட்டு அலமாரியில், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் ஆடும் நம் அணியான சென்னையின் எஃப்சியின் நீல ஜெர்சிகள் மூன்று இருக்கின்றன. ஒன்றின் முதுகில் மெண்டோசா, இன்னொன்றில் வால்ஸ்கிஸ், மூன்றாவதில் தாபா. மூவருமே இப்போது நம் அணியில் இல்லை. என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஒரு ஜெர்சி வாங்கப் போயிருந்தபோது, பெயர் அச்சிடுபவர் "யார் பேரு சார் போடணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் என் பக்கம் திரும்பி, "அப்பா, போகாத ஆளு பேரு சொல்லுங்க" என்றான். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் அரை நிமிடம் யோசித்தும் ஒரு பெயர்கூட உறுதியாக என் வாயில் வரவில்லை. அவன் பெயரையே போடச் சொல்லிவிட்டேன்.

அணியை முழுக்கக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் பல முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கடை வாசலில் நின்ற பிறகுதான், நம் அணி கலைக்கப்படாமல் இருந்த ஆண்டுகளே குறைவு என்பது எனக்கு உறைத்தது.

வெளிநாட்டு வீரர் போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர்கள். மெண்டோசா 2015இல் 13 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி பெற்றார். அந்த ஆண்டு டிசம்பர் வெள்ளத்தால் நம் சொந்த மைதானத்து அரையிறுதியையே புனேக்கு மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் தண்ணீர் ஏறிய கோடு இன்னும் அழியாத பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் ஃபத்தோர்தாவில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்த்தோம். 87ஆவது நிமிடத்தில் எதிரணி எஃப்சி கோவா 2-1 என்று முந்தியபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிறகு கோவா கோல்கீப்பர் மீது பட்டு ஒரு கோல், தொண்ணூறு நிமிடம் முடிந்தபின் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மெண்டோசாவின் கோல் என்று 3-2 ஆனது. அந்த ஓர் இரவுக்காக அவர் பெயர் போட்ட ஜெர்சியை நான் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருப்பேன். வால்ஸ்கிஸும் அப்படியே. 2019-20இல் 15 கோல் அடித்து நம்மை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார், பயிற்சியாளர் ஓவன் கோய்லோடு ஜம்ஷெட்பூருக்குப் போனார், 2022 ஜனவரியில் திரும்பியும் வந்தார். வந்தது பழைய வால்ஸ்கிஸ் இல்லை என்பது வேறு விஷயம்.

என் மனத்தில் முள்ளாக இருப்பது இந்திய வீரர்கள் போனதுதான். 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று நாம் தோற்ற அணியை நினைத்துப் பாருங்கள். கோல் வலையில் விஷால் கைத், நடுவில் அனிருத் தாபா, ஓரத்தில் லல்லியன்சுவாலா சாங்தே. சாங்தே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போய், 2022-23க்கான இந்தியாவின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். கைத் 2022இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய், முதல் ஆண்டிலேயே சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையும் கோப்பையும் வென்றார். 2016இல் சிறுவனாக வந்து ஏழு பருவம் ஆடிய தாபாவும் 2023இல் அதே மோகன் பகானுக்குப் போனார். போட்டியில் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைத்தான் களத்தில் இறக்க முடியும் என்ற விதி 2021-22இல் வந்தது. அப்படியென்றால் பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். அந்த ஏழு பேரை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டு, புதிய பிரேசில்காரர் யார் என்று ஆகஸ்ட் முழுவதும் பேசிக்கொண்டிருந்தால் வீடு எப்படி நிற்கும்? கூரை ஓட்டை மாற்றுவது போலத் தூணை மாற்றக் கூடாது என்பதே என் கருத்து.

தாம்பரத்திலிருந்து

பெரம்பூர் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதியை ஏற்க முடியாததற்கு என் சொந்த அனுபவமே காரணம்.

2018 மார்ச் 17 அன்று நாங்கள் ஆறு பேர் பெங்களூருக்கு ரயிலில் போய்க் கண்டீரவா மைதானத்தில் இறுதிப் போட்டியைப் பார்த்தோம். ஒன்பதாவது நிமிடத்தில் எதிரணி பெங்களூரு எஃப்சியின் சேத்ரி கோல் அடித்தபோது எங்களைச் சுற்றி எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பிறகு கிரிகரி நெல்சன் எடுத்த கார்னர்கள் இரண்டையும் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். இடைவேளைக்குப் பின் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2 என்று கோப்பை நமக்கு வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் ஆறு பேரும் சொன்னது ஒன்றே: "இந்த டீமைத் தொடவே கூடாது." கேப்டன் செரேனோ போனது ஒரு குறைதான். மற்றபடி மைல்சன், கால்டெரோன், ரஃபேல், நெல்சன், ஜெஜே, தாபா, ஜெர்ரி, கரண்ஜித் என்று முதுகெலும்பு அப்படியே இருந்தது. நாங்கள் கேட்டதை நிர்வாகம் ஏறக்குறைய அப்படியே செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம்.

அந்தப் பருவத்தில் நம் சொந்த மைதானமான பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கத்துக்கு நான் போகாத ஆட்டங்கள் மிகக் குறைவு. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நடுக்களத்தில் ஓடி ஓடி அடைப்பை ஏற்படுத்திய தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தில் ஆடவே இல்லை. அவர் இருந்த இடத்தில் எதிரணிகள் நிதானமாகப் பந்தை வைத்துத் திரும்பின. ஜெஜேவின் காலில் கோல் வற்றிப்போனது. பின்களத்தில் முந்தைய ஆண்டு ஒரு நொடி முன்னதாக வந்து சேர்ந்த அதே கால்கள், இந்த ஆண்டு ஒரு நொடி பின்னதாக வந்தன. மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் எண்பதாவது நிமிடத்திலேயே மக்கள் நேரு விளையாட்டரங்கத்தை விட்டு வெளியே வந்து சென்ட்ரல் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் நானும் இருந்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

ஆகவே, தக்கவைத்தல் என்பது தானாகவே நல்லது ஆகிவிடாது. வென்ற அணியில் எவர் இன்னும் மேலே ஏறுகிறார், எவர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குகிறார் என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். வென்ற ஆண்டில் அதைச் செய்ய எந்த நிர்வாகிக்கும் மனம் வராது. ரசிகர்களான நாமும் அதைச் செய்ய விடமாட்டோம். மைல்சனை விற்றுவிடுங்கள் என்று 2018 ஏப்ரலில் யாராவது எழுதியிருந்தால் அவரை நான் என்ன சொல்லித் திட்டியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சோழிங்கநல்லூரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கோழிக்கோட்டுக்காரர், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். 2020-21இல் சாபா லாஸ்லோ பயிற்சியில் நாம் எட்டாவது இடம். 2021-22இல் போஸிடார் பாந்தோவிச் வந்து, பாதியில் போய், சபீர் பாஷா பொறுப்பேற்று, மறுபடியும் எட்டாவது. 2022-23இல் தாமஸ் பிரடாரிச், அப்போதும் எட்டாவது. மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த நண்பர் என்னிடம், "எட்டு உங்க டோர் நம்பரா?" என்று கேட்டார். பயிற்சியாளர் மாறினால் ஆட்டமுறை மாறுகிறது, ஆட்டமுறை மாறினால் அதற்கேற்ற வீரர் வேண்டும் என்று பட்டியல் மாறுகிறது, பட்டியல் மாறியவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்குள் பருவம் முடிந்து ஆள் மறுபடி மாறுகிறார். வீரர் பட்டியலைப் பற்றிப் பேசுமுன், ஒரு பயிற்சியாளருக்கு மூன்று ஆண்டு கொடுக்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். கோய்ல் இரண்டாம் முறை வந்து 2023-24இல் ஆறாவது இடம் பிடித்துப் பிளே ஆஃப் வரை போனபோது கைதட்டிய நானே, அடுத்த பருவம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது ஆனதும் அவர் போக வேண்டும் என்றேன்.

வியாசர்பாடியிலிருந்து

மேலே எழுதியவர்கள் யாரும் தொடாத இடத்தைத் தொடுகிறேன். நீங்கள் சொன்ன தனபால் கணேஷ் எங்கள் பகுதிப் பையன். இங்கே காலையில் ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து பாருங்கள். செருப்பைக் கழற்றிக் கோல்போஸ்டாக வைத்துக்கொண்டு, வெறுங்காலில் ஆடும் பையன்களில் பத்துப் பேருக்காவது பந்து காலோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆனால் அவர்களில் ஒருவன் தொழில்முறை வீரனாக ஆகிறான் என்றால், அவன் நீல ஜெர்சியில் ஆடுவதைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அரிதாகத்தான் கிடைத்திருக்கிறது.

2023 ஆகஸ்ட் 12 அன்று மாலை நான் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். டியூரண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி, அதாவது ஒரே ஊர்ப் பரம வைரிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் ஆட்டம். கடைப் பெஞ்சில் ஒருவர் கைபேசியைச் சர்க்கரை டப்பா மீது சாய்த்து வைத்திருந்தார், ஏழெட்டுப் பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னைப் பையனான நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் பந்தை அடித்தார். அந்த ஆட்டத்தின் ஒரே கோல் அது. அடுத்த நாள் பத்திரிகைகளெல்லாம் அவர் படம். பெஞ்சில் இருந்தவர்கள் கத்தி முடித்ததும், கால்பந்தில் பெரிய ஆர்வமில்லாத டீ மாஸ்டர் எங்களைப் பார்த்து, "நம்ம ஊரு பையன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு அங்க ஆடுறான்? இங்க டீம் இல்லையா?" என்றார். எவருக்கும் பதில் வரவில்லை. அவரவர் டீயைக் குடித்தோம்.

நம் ஊரின் இன்னொரு அணியான சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல், நாட்டின் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றதை மறந்துவிட வேண்டாம். கடைசி நாளில் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி வாங்கிய கோப்பை அது. அதே பருவத்தில்தான் நம் நீல அணி பத்தாவது இடத்தில் கிடந்தது. ஒரே மாநிலம், ஒரே பருவம். அந்த அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் ஆடினார்கள். எட்வினை நாம் உடனே எடுத்தோம், அடுத்த ஆண்டே இறுதிப் போட்டியில் ஆடினார். ரொமாரியோ கோவா போய்ச் சுற்றிக்கொண்டும், அஜித்குமார் பெங்களூரில் சில ஆண்டுகள் ஆடிவிட்டும் பிறகுதான் நம்மிடம் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே சென்னை சிட்டியிலிருந்து போன கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் ஜம்ஷெட்பூர், கொல்கத்தா, ஒடிசா என்று ஆடினார். வீட்டு வாசலில் விளைந்ததைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அதையே இரண்டு மடங்கு விலைக்குச் சந்தையில் வாங்குகிறோம்.

உள்ளூர்க்காரன் என்பதற்காக மட்டும் ஒருவனை அணியில் வைக்கச் சொல்லவில்லை, அது அந்தப் பையனுக்கே அவமானம். நான் கேட்பது, பதினாறு வயதில் அவனைப் பார்க்க ஓர் ஆள் மைதானத்துக்கு வருவதுதான். எங்கள் மைதானத்தில் ஒரு முறை அப்படி ஒருவர் வந்தார். கையில் நோட்டுப் புத்தகம், தலையில் தொப்பி. பையன்கள் அன்றைக்கு ஆடியது போல் நான் பார்த்ததே இல்லை. பந்து கிடைத்தவன் எவனும் பாஸ் கொடுக்கவில்லை, எல்லோரும் தனித்தனியாக எதிர்க்கோல் வரை ஓடினார்கள். ஆட்டம் முடிந்தபின் விசாரித்தால் அவர் மைதானத்தை அளக்க வந்தவராம்.

பெரம்பூரிலிருந்து, மீண்டும்

தாம்பரம் நண்பரின் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. தூண் என்று நான் சொன்னது எல்லாப் பழையவரையும் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018இல் தாபாவுக்கும் ஜெர்ரிக்கும் இருபது வயது, கால்டெரோனுக்கு முப்பத்தாறு. 2017இல் அணிகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுத்த டிராஃப்ட்டுக்கு முன்பு தாபாவை விடாமல் வைத்துக்கொண்டது சரியான முடிவு, 2023இல் அவரை விட்டது தவறான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். இருபது வயதுக்காரனோடு நீண்ட ஒப்பந்தம், முப்பது தாண்டியவரோடு ஓராண்டு ஒப்பந்தம் என்று பிரித்து வைத்தால் போதும். எளிய கணக்குதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டபோது, எவரை வைப்பது, எவரை விடுவது என்று வழக்கமாக நான் எழுதும் பட்டியலை எழுத உட்கார்ந்தேன். பருவம் எப்போது தொடங்கும் என்று எவருக்கும் தெரியாத நிலையில் பட்டியல் எதற்கு என்று பேனாவை வைத்துவிட்டேன். அதே ஆண்டில் இந்தியரான கிளிஃபர்ட் மிராண்டா பயிற்சியாளராக வந்த செய்தியைப் பார்த்ததும் மறுபடி எடுத்தேன். இந்த முறை அணிப் பட்டியலில் வெளிநாட்டவருக்கான ஆறு கட்டங்களையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கோல்கீப்பர், நடுப் பின்களத்தில் ஒருவர், நடுக்களத்தில் இருவர் என்று நான்கு இந்தியர்களின் இடத்தை முதலில் வரைந்தேன். நால்வரும் இருபத்து நான்கு வயதுக்குள், நால்வருக்கும் மூன்று ஆண்டு. அதில் இரண்டு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வியாசர்பாடி நண்பரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மகனோடு உங்கள் மைதானத்துக்கு வருகிறேன். நோட்டுப் புத்தகம் எடுத்து வரமாட்டேன்.