பொலிரோ நியோவில் லாக்கர் இருக்கிறதா, சாதா டிஃபரன்ஷியலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏலக்காட்டான்
2022 மாடல் பொலிரோ நியோ ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். போடியிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி. கடைசியில் கொஞ்ச தூரம் மண் பாதை. ஜூன் மழை பிடித்துவிட்டால் ஒரு பின்சக்கரம் சகதியில் சும்மா சுற்றும், மற்றது வேடிக்கை பார்க்கும். அதற்காகவே, ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியலோடு (சுருக்கமாக லாக்கர்) வரும் என்10 ஆப்ஷன் மாடலைத் தேடினேன்.

விற்றவர் "இது ஆப்ஷன்தான் சார், லாக்கர் உள்ளேயே இருக்கு" என்று சத்தியம் செய்யாத குறைதான். ஆனால் பின்கதவுக்கு மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள், மாடல் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. டேஷ்போர்டில் லாக்கருக்கு என்று ஸ்விட்ச் எதுவும் கிடையாது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி வைத்து, கியரில் போட்டு, ஒன்றைக் கையால் உருட்டினார்கள். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "ஓப்பன் டிஃபரன்ஷியல்தான், பூட்டே இல்லாத சாதா, ஏமாந்துட்டீங்க" என்றார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?

பெட்ரோல்வாசம்
ஆர்.சி.யில் மாடல் பெயர் போட்டிருக்குமே, பார்த்தீர்களா? அதில் தெளிவில்லை என்றால் சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எந்த மாடலாக வெளியே வந்தது என்று சிஸ்டத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

கிரவுன்பினியன்
சேஸிஸ் நம்பர், வண்டி ஃபேக்டரியை விட்டு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லும். பின்கதவுக்குப் பெயின்ட் ஏறியிருக்கிறது என்றால் பின்னால் அடி வாங்கியிருக்கலாம். அடி பலமாக இருந்து ஆக்ஸிலையே மாற்றியிருந்தால், கிடைத்த சாதா ஆக்ஸிலை மாட்டி அனுப்பியிருப்பார்கள். அதனால் கையால் சோதித்துப் பார்ப்பதுதான் சரி. ஆனால் உங்கள் மெக்கானிக் செய்தது பாதி சோதனை.

நியோவில் வருவது ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கர். அதற்கு ஸ்விட்ச் கிடையாது, தானே பூட்டும், தானே விடும். பூட்டாத நேரத்தில் அது சாட்சாத் ஓப்பன் டிஃபரன்ஷியல்தான். மெதுவாக உருட்டினால் மற்ற சக்கரம் எதிர்ப்பக்கம்தான் போகும், போகவும் வேண்டும். இல்லையென்றால் வளைவில் டயர் தேயும்.

உள்ளே வேகத்தை உணரும் ஒரு சின்ன கவர்னர் இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால், அதிலுள்ள எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். உடனே கேம் தகடு ஏறி, கிளட்ச் தகடுகளை நெருக்கி, இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் ஒன்றாகப் பிடித்துவிடும். வண்டி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும்போது இன்னொரு எடை குறுக்கே வந்து பூட்டவிடாமல் தடுக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கியரில் போட்டுத் தூக்கி வைத்த வண்டியில் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 50 சுற்று இப்படிப் போனால், மற்றது 50 சுற்று அப்படிப் போகும். வித்தியாசம் 100. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு நொடியும் சொச்சமும். சோதிக்கிற யாரும் அந்த வேகத்தில் உருட்டுவதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் உருட்டுவார்கள். அதனால் லாக்கர் முழித்துக்கொள்ளவே இல்லை.

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின் ஆக்ஸிலை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். இன்ஜின் ஆஃப், முதல் கியர், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். முதலில் மெதுவாக உருட்டுங்கள். அப்புறம் டயரை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று சுழற்றுங்கள். லாக்கர் இருந்தால் "டொக்" என்று நின்றுவிடும், மேலே நகராது. சாதா என்றால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மற்ற வகைகளும் கையில் வேறு வேறு மாதிரிதான் தெரியும். கிளட்ச் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், முழுதாகப் பூட்டாமல் தகடுகளின் உராய்வால் வழுக்கலைக் குறைப்பது) என்றால் நியூட்ரலில் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சேர்ந்து சுற்றும், கியரில் போட்டால் கையால் அசைப்பதே கஷ்டம். ஆனால் தகடு தேய்ந்த எல்.எஸ்.டி. ஓப்பன் மாதிரியே நடிக்கும். டார்சன் என்ற பல்சக்கர வகை எல்.எஸ்.டி.யும் காற்றில் தூக்கி வைத்தால் எதிர்ப்பக்கம்தான் சுற்றும், சுமை விழுந்தால்தான் பிடிக்கும். வெல்டு வைத்ததென்றால் எந்த வேகத்திலும் எதிர்ப்பக்கம் போகாது. பெட்ரோல் பங்க் தரையில் திருப்பும்போது டயர் கீச்சிடுவதிலேயே தெரிந்துவிடும். நம் ஊர் அம்பாசடர், பத்மினி, ஆம்னி இவற்றில் இந்தச் சந்தேகமே வராது, எல்லாம் ஓப்பன்தான். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் எதிர்ப்பக்கம் சுற்றினாலே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்.

ஷார்ஜாவாசி
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கே செவர்லே பிக்கப்புகளில் இதே ஈட்டன் சரக்குதான், 1973 முதலே ஜி.எம். வண்டிகளில் வருகிறது. பழைய வண்டிகளில் கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் லாக்கருக்கான ஜி80 என்ற கோடு இருந்தால் போதும், கீழே படுக்கவே வேண்டாம். ஸ்டிக்கர் கிழிந்த வண்டியைத்தான் உருட்டிப் பார்ப்போம். பக்கத்து வீட்டு மஸ்டாங்கில் இருப்பது கிளட்ச் எல்.எஸ்.டி., ஒன்றைச் சுற்றினால் இரண்டும் ஒரே பக்கம் போகும். இரண்டையும் ஒரே நாளில் உருட்டிப் பார்த்தால் அப்புறம் மறக்காது.

ஏலக்காட்டான்
கையால் வேகமாகச் சுற்ற முடியவில்லை என்றால், ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரில் விட்டுப் பார்க்கலாமா?

கிரவுன்பினியன்
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். லாக்கர் இருந்தால் தூக்கிய சக்கரம் வேகமெடுத்ததும் பூட்டும், தரையில் இருக்கிற சக்கரத்துக்கு இழுவை போகும், வண்டி ஜாக்கியை உருட்டிவிட்டு முன்னே பாயும். அந்த நேரத்தில் யாராவது கீழே இருந்தால் அவ்வளவுதான். கைக்கு வேகம் வரவில்லையென்றால் ஆக்ஸிலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி, போனில் மாட்டும் ஒயர் கேமராவை உள்ளே விடுங்கள். கேஸின் ஜன்னலில் சின்ன எடைகளோடு கவர்னர் தெரிந்தால் லாக்கர். வெறும் நட்சத்திரப் பல்சக்கரமும் பின்னும்தான் என்றால் சாதா.

ஏலக்காட்டான்
இன்று காலை அதே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஸ்டாண்டு போட்டுப் பார்த்தோம். மெதுவாக உருட்டினால் பழையபடி எதிர்ப்பக்கம். அப்புறம் மெக்கானிக்கின் உதவியாளர் பையன் வெடுக்கென்று இழுத்தான், அரைச் சுற்றுக்குள் டொக்கென்று நின்றது. மெக்கானிக்கே வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, டீ சொல்லி அனுப்பினார். ஆனால் பூட்டினது பூட்டினபடியே இருக்கிறது. சக்கரம் அந்தப் பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. உடைத்துவிட்டோமா?

கிரவுன்பினியன்
உடையவில்லை. இழுத்த திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்புங்கள், கொக்கி விட்டுவிடும். ரோட்டில் அது தானாகவே நடக்கும்.

இன்னொன்று. பழைய ஓனர் எந்த ஆயில் ஊற்றினார் என்று தெரியாததால் ஆக்ஸில் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள், மேனுவலில் போட்டிருக்கிற கிரேடு மட்டும். எல்.எஸ்.டி.க்கு என்று கடையில் ஒரு சின்ன பாட்டில் அடிட்டிவ் கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள். தகடு வழுக்க ஆரம்பித்தால் சகதியில் பூட்டு பிடிக்காது.