ராண்டார் கையின் பழைய புத்தகங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். 2023-இல் மறைந்த சினிமா வரலாற்று எழுத்தாளர் ராண்டார் கையின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்துவருகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

முதலில் தேவை, 1997-இல் வந்த ‘ஸ்டார்லைட், ஸ்டார்பிரைட்’. ஆரம்பகாலத் தமிழ் சினிமா பற்றிய ஆங்கிலப் புத்தகம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அட்டை கிழிந்திருந்தாலும் சரி.

அதைவிட ஆவலாகத் தேடுவது அவருடைய குற்ற வழக்குக் கட்டுரைகளை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில், சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகுதான் 1947-இல் விடுதலை. கொன்றது யார் என்பது இன்றுவரை தீராத மர்மம். ராண்டார் கை வழக்கறிஞராக இருந்தவர், சினிமா உலகமும் அவருக்கு அத்துப்படி. இப்படியொரு வழக்கை எழுத அவரைவிடப் பொருத்தமானவர் யார்? 1952-இன் ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தலையில்லாத உடலைப் பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்றிய அந்த வழக்கேதான்.

‘தி இந்து’ பத்தியில் வந்தவை ஓரளவு கிடைத்துவிட்டன. பழைய பத்திரிகை நறுக்குகள்தான் இல்லை. அவர் தன் எழுத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசிய பேட்டி எதுவும் இருந்தாலும் சொல்லுங்கள்.

விற்க மனமில்லாவிட்டால் இரவல் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவேன். நகல் எடுக்கும் செலவும் தபால் செலவும் என்னுடையது. சென்னை என்றால் நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்.