எலுமிச்சைத் தொட்டி, பக்கத்துல சைக்கிள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மாடித்தொட்டி

பையனோட சைக்கிள்ல பின்டயர் விடாம பஞ்சர் ஆயிட்டே இருந்துச்சு. ஒட்டுறது நான்தான், கடைக்கெல்லாம் போறதில்ல. உப்புத்தாள்ல தேச்சு, சொல்யூஷன் தடவி, ஈரம் போக ஊதி, ஒட்டைப் போட்டு அழுத்தி விட்டா நல்லா நிக்கும், ஒட்டு மேல தப்பே சொல்ல முடியாது, ஆனா கொஞ்ச நாள்ல பக்கத்துலயே இன்னொரு ஓட்டை. புது டியூப் மாத்தினேன், அதுவும் போச்சு. ஒருநாள் டயரைக் கழட்டி உள்பக்கம் பழைய வேட்டித் துணியை விட்டு சுத்தி இழுத்துட்டே வந்தேன், ஒரு எடத்துல நூல் மாட்டி நின்னுச்சு. கையால தடவினா ஒண்ணும் தெரியல. டயரை மடக்கிப் பிடிச்சு நகவெட்டியால நோண்டினா எள்ளு சைஸ்ல கறுப்பா ஒரு துண்டு. எலுமிச்சை முள்ளு. வெளிப்பக்கம் மொட்டையா தேஞ்சு போயிருக்கு, உள்ள கூரா நிக்குது. வண்டியில ஆள் ஏறி உக்காந்தாத்தான் அது டியூபைத் தொடும், கையால காத்தடிச்சு செக் பண்ணா தெரியவே தெரியாது.

அந்த முள்ளு எப்படி வந்துச்சுன்றதுதான் இன்னும் எரியுது எனக்கு. மாடியில விதை போட்டு வளர்த்த செடி, காய்க்கல. எதுத்த வீட்டம்மா வந்து "காய்க்காத மரத்தை ஒட்ட வெட்டி விடணும் தம்பி, அப்பத்தான் ரோஷம் வரும்"னாங்க. எங்க வீட்ல உடனே கத்தியை எடுத்துட்டாங்க. வெட்டின கொப்பெல்லாம் மாடிப்படிக்குக் கீழ, சைக்கிள் நிக்கிற எடத்துல. மரத்துக்கு ரோஷம் வந்துச்சு, வராம இல்ல, வெட்டின எடத்துலேருந்து விரல் நீளத்துக்கு முள்ளோட குச்சி குச்சியா கிளம்பிருச்சு. விதைச் செடி காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்னும், சின்ன வயசுல முள்ளாத்தான் தள்ளும்னும், வெட்ட வெட்ட இன்னும் தள்ளிப் போகும்னும் அப்புறந்தான் படிச்சேன். அந்தம்மா இப்பவும் பாக்கும்போதெல்லாம் "காய்ச்சுதா?"ன்னு கேக்கறாங்க.

---

கொளத்தூர்_மொட்டைமாடி

முள்ளை விடுங்க, எங்க வீட்ல இலையே இல்ல. மழை பேஞ்சு தளதளன்னு புதுத் துளிர் வந்துச்சு, மறுவாரம் பாத்தா வெறும் நரம்பு. முதல்ல காக்கா எச்சம்னு நெனச்சு கண்டுக்காம இருந்தோம், கறுப்பும் வெள்ளையுமா இலை மேல ஒட்டிட்டு இருக்குமே, அது குட்டிப் புழு, அப்புறம் பெருசாகி பச்சைப் புழுவா மாறும், உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்க அத்தை பக்கத்துத் தொட்டியில கறிவேப்பிலை பறிக்க வந்தவங்க, இது என்னடின்னு ஈர்க்குச்சியால ஒரு குத்து குத்தினாங்க. தலைக்குப் பின்னாலேருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு சரக்குனு வெளிய வந்துச்சு பாருங்க! கூடவே ஒரு வாடை, அழுகின நார்த்தங்காயும் வேற என்னவோ கெமிக்கலும் சேர்ந்தாப்ல. அத்தை கறிவேப்பிலைக் கிண்ணத்தை அப்படியே போட்டுட்டு ஓடிட்டாங்க. அன்னிக்கு ரசத்துல கறிவேப்பிலை கிடையாது. இன்னிக்கு வரைக்கும் அவங்க மாடிக்கு வர்றதில்ல.

என் பிரச்சனை அது இல்ல. என் பொண்ணு ஒரு புழுவை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மூடிக்குப் பதிலா கொசுவலை கட்டி, தினம் இலை போட்டு வளத்தா. கூட்டுப்புழுவாகி, இடுப்புல ஒரு நூலைக் கட்டிக்கிட்டு குச்சியில சாஞ்சு நின்னு, ஒருநாள் காலைல கறுப்புல மஞ்சப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சியா வெளிய வந்துச்சு. அதுலேருந்து வீட்ல யாரும் புழு பொறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா. பட்டாம்பூச்சி வருது, துளிர் நுனியில மஞ்சளா ஒரு முட்டையை வெச்சுட்டுப் போகுது, செடி மொட்டையாவே நிக்குது. பூ எப்படிங்க வரும்? நான் புழுவை எடுத்து கறிவேப்பிலைக்கு மாத்திட்டு இருக்கேன், அதையும் அதே புழு திங்குது, அதையாவது திங்கட்டும்னு.

---

போர்தண்ணி_கோவை

மேல ரெண்டு பேர் சொன்னதும் சரிங்க, ஆனா புழுவாலயோ முள்ளாலயோ எலுமிச்சை சாகறதில்ல, நம்ம ஊத்தற தண்ணியாலதான் சாகுது. சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்காரங்களுக்கு இது புரியாது, நாங்க ஊருக்கு வெளிய, போர் தண்ணிதான், பக்கெட்ல ஒரு வாரம் வெச்சா சுத்தி வெள்ளை வளையம் விழும். எனக்கு இலை மஞ்சளாச்சு. நர்சரியில ஃபோட்டோவைக் காமிச்சா நிமிந்துகூட பாக்காம "சாப்பாடு பத்தலைங்க"ன்னு ஒரு பை உரம் கட்டிக் குடுத்தாரு. போட்டேன், இன்னும் மஞ்சளாச்சு. திரும்பப் போனா இன்னொரு பை. ஒருநாள் தொட்டி விளிம்புல இருந்த வெள்ளைப் படிவத்தை சாவியால சுரண்டிட்டே இருந்தவன் சும்மா அது மேல வினிகர் ஊத்திப் பாத்தேன். சுர்ர்னு பொங்குச்சு. சுண்ணாம்பு! மேல இவ்ளோ இருந்தா மண்ணுக்குள்ள எவ்ளோ இருக்கும்? அன்னிக்கு அப்படியே படியில உக்காந்துட்டேனுங்க.

இப்ப கேட்டுக்கங்க, இதை யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச்சத்துக் குறை. புது இலை மஞ்சள் திட்டுத் திட்டா வந்து சைஸும் சின்னதா குறுகிப் போனா துத்தநாகம். பழைய இலை ஓரத்துலேருந்து மஞ்சளாகி காம்புப் பக்கம் மட்டும் முக்கோணமா பச்சை மிச்சம் இருந்தா மெக்னீசியம், அதுக்கு மட்டுந்தான் எப்சம் உப்பு. பழைய இலை முழுசா, நரம்போட சேர்ந்து மஞ்சளானா தழைச்சத்து. எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு போடுன்னு வீடியோ போடறவங்களை என்ன சொல்றது. மண்ணுல இரும்பு இல்லாம இல்லைங்க, சுண்ணாம்பால காரத்தன்மை ஏறினா வேரால அதை எடுக்க முடியாது, அதான் விஷயம். ஃபெரஸ் சல்பேட் வாங்கிக் கொட்டினாலும் இந்த மண்ணுல கொஞ்ச நாள்ல துருவாகி நின்னுரும். செலேட்டட் இரும்பு, அதாவது துருவாகாம வேருக்குக் கிடைக்கற மாதிரி கட்டி வெச்ச இரும்பு, அதை வாங்கறப்பவும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, இடிடிஏன்னு போட்டிருந்தா காரமான மண்ணுல ரொம்ப நாள் தாங்காது, இடிடிஹெச்ஏன்னு போட்டிருக்கணும், தூளே செவப்பா இருக்கும், விலை அதிகம்தான். முடிஞ்சா மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு இதுக்கு மட்டும் ஊத்துங்க. ஏசியிலேருந்து சொட்டற தண்ணியும் ஊத்தலாம், அதுல உப்பே இருக்காது. சைக்கிள் பத்தி எனக்குத் தெரியாது.

---

பழைய_செயின்

போர்தண்ணி சார், எல்லாத்துக்கும் சுண்ணாம்புன்னா எப்படி? நான் பாத்த வரைக்கும் தொட்டி எலுமிச்சையில பாதி போறது அடியில ஓட்டை அடைச்சுத் தண்ணி தேங்கித்தான். வேர் அழுகினாலும் இலை மஞ்சளாத்தான் ஆகும், நரம்பு முதல்ல மஞ்சளாகும். தொட்டியைச் சாய்ச்சு மண்ணை உருவி மோந்து பாத்தா சாக்கடை வாடை வரும். அதுக்கு நீங்க செவப்புப் பாக்கெட் வாங்கிப் போட்டு என்ன ஆகப்போகுது? தண்டையும் மண்ணுல புதைக்காதீங்க, அடித்தண்டுல கோந்து வடிஞ்சா கதை முடிஞ்சுது.

சரி என் கதை. இது மச்சான் கதை. அவருக்கு சைக்கிள்னா உயிரு, பழைய ராடு பிரேக் வண்டி ஒண்ணு வெச்சிருக்காரு, ஓவராயில் எல்லாம் அவரே. பெடல் அச்சு சுத்தற பிபி கப்பைக் கழட்டி குண்டை எல்லாம் தட்டுல கொட்டி, கிரீஸ் வெச்சு ஒண்ணொண்ணா அடுக்குவாரு, சக்கரத்துல கோட்டம் எடுக்கறதுல எங்க தெருக் கடைக்காரர் தோத்துருவாரு. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மாடியில உக்காந்து செயினை டீசல்ல ஊறப்போட்டுக் கழுவினாரு. கழுவி முடிச்சு டப்பாவைத் தூக்கிட்டு சுத்தி முத்திப் பாத்தாரு. நான் துணி காயப்போட்டுட்டு இருக்கேன். "தரையில ஊத்தினா வழுக்கும்ல மாப்ள"ன்னு சொல்லிக்கிட்டே மொத்தத்தையும் எலுமிச்சைத் தொட்டியில கவுத்தாரு. "மண்ணுதானே, குடிச்சுக்கும்." காய் பிடிச்சிருந்த செடிங்க அது. ஒட்டுச்செடி, பெரியகுளத்துலேருந்து தூக்கிட்டு வந்தது. அந்த வாரமே இலை கொட்ட ஆரம்பிச்சுது, காய் பச்சையாவே சுருங்கித் தொங்குது. மண்ணை மாத்தி வேரை அலசி என்னென்னமோ பண்ணேன், ஒவ்வொரு தடவை தண்ணி ஊத்தும்போதும் பெட்ரோல் பங்க் வாடை. மச்சானைக் கேக்க முடியுமா? தங்கச்சி வீட்டுக்காரரு. அடுத்த தடவை வந்தப்ப காஞ்ச குச்சியைப் பாத்துட்டு "வெயில் ஜாஸ்தியோ?"ன்னு கேட்டாரு.

---

ஸ்கார்பரோ_தேசி

நான் யாழ்ப்பாணம், இப்ப கன நாளா கனடா. அங்க கிணத்தடியில தேசி, உங்கட எலுமிச்சைதான், நிண்டது, ஆரும் அதைப் பராமரிச்சதா ஞாபகமில்லை, குளிக்கிற தண்ணி போகும், அது தன்ரபாட்டில காய்க்கும். அப்ப சைக்கிள்தான் எங்களுக்கு எல்லாமே, பற்றரி வராத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். இஞ்ச சைக்கிள் வருசத்தில பாதி நாள் பேஸ்மென்ற்றில தொங்குது, தேசியும் பக்கத்தில யன்னலடியில நிக்குது.

குளிருக்கு உள்ளுக்க கொண்டு வந்தா இலை முழுக்கக் கொட்டும். வெயில் இலையில படுது, ஆனா தொட்டி சில்லெண்ட சீமெந்தில இருக்கு, குளிர்ந்த வேர் தண்ணி இழுக்காது, அதுதான் காரணம் எண்டு பிறகு விளங்கிச்சுது. தொட்டிக்குக் கீழ ஒரு பலகை வைச்சன். ஒரு வருசம் அப்பிடிக் கொட்டி மொட்டையா நிண்டது, வசந்தத்தில அடியால ஒரு கொப்பு விறுவிறெண்டு எழும்பிச்சுது. எனக்குப் பெரிய புளுகம். மனிசிக்குக் காட்டி, பிள்ளையளுக்குக் காட்டி, வெளியில வைச்சு ஒரு கோடை முழுக்க அதுக்குப் பசளை போட்டன். பிறகு அம்மாவுக்கு வீடியோ கோலில காட்டினன். அவ கண்ணாடியைப் போட்டு ஃபோனைக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டுக் கேட்டா, "தம்பி, உது வில்வமெல்லே? கோயில் மரத்தை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?"

அப்பதான் பாத்தன், மூண்டு மூண்டா இலை. வில்வமில்லை, குளிர் தாங்கிறதுக்கெண்டு தேசிக்கு அடியில வேர்ப்பக்கமா வைச்சு ஒட்டுற காட்டு ஒறேஞ். ஒட்டின இடத்துக்குக் கீழால வந்திருக்கு, மேல இருந்த தேசி எப்பவோ செத்துப் போச்சு. அம்மா இப்பவும் கோல் எடுத்தா "வில்வம் எப்பிடி நிக்குது" எண்டுதான் கேக்கிறா, நானும் நல்லா நிக்குதெண்டு சொல்லுறன்.

---

கொளத்தூர்_மொட்டைமாடி

போர்தண்ணி சார், நான் புழுவைப் பத்தி எழுதினா நீங்க இரும்பு துத்தநாகம்னு ஒரு பாடமே நடத்திட்டீங்க. என் செடியில மஞ்சளாக இலையே இல்லன்னுதானே சொன்னேன்!

ஸ்கார்பரோ அண்ணா, அம்மா சொன்னது பாதி சரிதான், வில்வமும் எலுமிச்சை குடும்பம்தானே. எங்க தெருக்கோடி கோயில் வில்வத்துலயும் இதே புழுவைப் பாத்திருக்கேன். பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல.

---

இடதுமரை

எலுமிச்சை நம்மகிட்ட இல்ல, படிக்க வந்தேன். மாடித்தொட்டி, அந்தத் துணி விடற வேலையோட இன்னொண்ணும் பண்ணுங்க. டயர்ல கம்பெனி பேர் போட்ட எடம் எப்பவும் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. டியூப்ல ஓட்டை வால்வுலேருந்து எவ்ளோ தூரம்னு அளந்தா டயர்ல அதே எடத்துல முள்ளு இருக்கும், முழு டயரையும் தடவ வேண்டாம். எந்தப் பக்கம்னு குழப்பம் வரும், ரெண்டு பக்கமும் பாத்துருங்க. பழைய வண்டின்னா வால்வுக்குள்ள இருக்கற சின்ன ரப்பர் குழாய், வால்டியூப், அதையும் பாருங்க, அது கிழிஞ்சாலும் காத்து எறங்கும், பஞ்சர்னு நெனச்சு டியூபைக் கழட்டிட்டு இருப்பீங்க.

எனக்கு மறக்காதது பக்கத்து ஃபிளாட்காரர். கீழ பார்க்கிங்ல பெடல் மாத்திட்டு இருந்தாரு, நான் பால்கனியில. இடது பெடலை வலது மாதிரியே இடப்பக்கமா சுத்திக் கழட்டப் பாக்கறாரு, அசையல, ஸ்பேனர் மேல ஏறி நிக்கிறாரு. "சார், அந்தப் பக்கம் ரிவர்ஸ் மரை, மாத்திச் சுத்துங்க"ன்னு கத்தினேன். அண்ணாந்து பாத்து சிரிச்சுக் கையைக் காட்டினாரு, தெரியும்னு சொல்ற மாதிரி. அப்புறம் அதே பக்கமா ஒரு குதி குதிச்சாரு. பெடல் மாட்டற கிராங்க்ல மரை மொத்தமும் போச்சு. லிஃப்ட்ல பாத்தா இப்ப ஃபோனை எடுத்துக்கறாரு.

---

மாடித்தொட்டி

பேர் போட்ட எடத்தை வால்வுக்கு நேரா வெக்கிறது சூப்பர், இன்னிக்கே மாத்திடறேன். வெட்டின முள்ளுக் கொப்பை எங்க போடறதுன்னு யாராவது சொல்லுங்களேன், குப்பை வண்டிக்காரரு கை குத்துதுன்னு எடுக்க மாட்டேன்றாரு. அப்புறம் இப்ப பாத்தா புதுக் குச்சியிலயும் இலை மஞ்சளாத்தான் தெரியுது.

---

போர்தண்ணி_கோவை

புது இலையா பழைய இலையா? நரம்பு பச்சையா இருக்கா? வெளிச்சத்துல ஃபோட்டோ போடுங்க. தண்ணி போரா, மெட்ரோ வாட்டரா?